ஊஞ்சல் கொக்கியும் படகின் தாங்குதகடும்

நேயர்களுக்கு வணக்கம். ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றின் கரையில் வாழ்பவன் படகைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது என் வீட்டாரே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அது இருக்கட்டும். இராணிப்பேட்டையில் கண்ணாடியிழைத் தொட்டிகள் வார்க்கும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் கழித்த எனக்கு, மலை ஏரிகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளைச் செப்பனிடும் வேலையும் அவ்வப்போது வந்து சேரும். அந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஏலகிரியின் புங்கனூர் ஏரியில் நீங்கள் படகேறியிருக்கலாம். படகைத் துறையில் கட்டுவதற்கு அதன் விளிம்பில் இரண்டு கொம்புள்ள உலோகத் துண்டு ஒன்று இருக்கும், கிளீட் என்பார்கள். அதை மேல்தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளத்தைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. உள்ளே நட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் வைக்கும் தகட்டையே பட்டறையில் பேக்கிங் பிளேட் என்கிறோம். நான் தாங்குதகடு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இது நமக்குப் புதிய சங்கதியன்று. பழைய வீடுகளில் ஊஞ்சல் மாட்டும் கொக்கியை எண்ணிப் பாருங்கள். கொக்கியின் தண்டு உத்தரத்தைத் துளைத்து மேலே போகும். மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதன்மேல்தான் நட்டு உட்காரும். ஊஞ்சலில் பாட்டியும் நான்கு பேரப்பிள்ளைகளும் ஒன்றாக ஆடியபோது அந்தப் பாரத்தை உத்தரத்தில் பரப்பிக் கொடுத்தது அந்தத் தகடுதான். ஆம்பூரில் காலணி வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கயிறு கோக்கும் கண்களுக்குப் பின்னால் ஒரு பட்டையை ஒட்டாமல் விட்டால், தோல் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் கண்ணைச் சுற்றிக் கிழியும்.

எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குக் கடையில் கொடுக்கும் வாஷர் பதினாறு மில்லிமீட்டர் அகலம். நடுத்துளையைக் கழித்தால் அது தளத்தை அழுத்தும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். நான்கு வாஷருக்கும் சேர்த்து ஆறு. அதே நான்கு போல்ட்டுக்கும் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தகடு ஒன்றை வைத்தால் பரப்பு நூறாகிறது. தகடு வளையாமல் விறைப்பாக நின்றால்தான் இந்தக் கணக்கு செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய தகடு நட்டைச் சுற்றி மட்டும் குழிந்து, மீதி இடம் சும்மா கிடக்கும்.

தகட்டை எதில் செய்வது என்ற கேள்விக்கு எனக்கு விடை சொல்லித் தந்தது ஒரு விபத்து. எந்த ஏரி என்று சொல்லமாட்டேன். வேறு மாவட்டத்தில் இருப்பது. ஐப்பசி மழைக்காற்றில், கட்டியிருந்த படகு ஒன்றிலிருந்து கிளீட் அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கிளீட் கயிற்றோடு துறையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு போல்ட்டும், நான்கு நட்டும், நான்கு வாஷரும் புதிது போலப் பளபளத்தன. “மேல பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருந்துது சார்,” என்றார் படகோட்டி. அவர் சொன்னது உண்மை. உள்ளே கைவிட்டுத் தகட்டைத் தேடினேன். கறுத்த ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், ஊறிய புண்ணாக்குப் போலக் கையோடு பிய்ந்து வந்தது. ஓரத்துத் துண்டு ஒன்றில் கடல்தர ஒட்டுப்பலகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை இன்னும் படிக்கும்படி இருந்தது. அந்தப் பலகையை ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வைத்தவன் நான்தான்.

கடல்தரம் என்பதால் அழியாது என்று நம்பியது என் பிழை. அந்தத் தரத்தில் பசை நீருக்குப் பிரியாது, மரத்துக்கும் மருந்து ஏற்றியிருப்பார்கள். ஆனால் நாம் துளை போட்டவுடன் பலகையின் அடுக்குகள் அத்தனையும் அந்தத் துளைக்குள் வாய் திறந்து நிற்கின்றன. கிளீட்டுக்கு அடியில் பூசிய அடைப்புப் பசை வெயிலில் காய்ந்து விலகியதும், மழைநீர் போல்ட் வழியாகவே இறங்கி, துளி துளியாக உள்ளே புகுந்திருக்கிறது. ஏரிப்படகுக்கு உப்புத்தொல்லை இல்லையே என்று மகிழ்கிறோம். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கோ உப்புநீரைவிட மழைநீர்தான் உகந்தது. துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றி அடைத்து, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்திருந்தால் அந்தப் பலகை இன்றும் இருந்திருக்கும். இரண்டாம் நாளும் வந்து செய்யவேண்டிய வேலை என்று விட்டுவிட்டேன்.

அலுமினியம் அறுக்கவும் துளைக்கவும் எளிது. ஆனால் எவர்சில்வர் போல்ட்டோடு உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியமே அரிக்கப்பட்டு, வெள்ளைப் பொடியாக உதிரும். ஏரியில் இது மெதுவாக நடக்கும். கடற்படகில் நான் வைக்கமாட்டேன். எவர்சில்வர் தகடு வலிமையானது, விலை கூடியது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: காற்றுப் படும்வரைதான் அதன் மேல்தோல் தன்னைக் காத்துக்கொள்ளும், காற்றுப் படாத ஈரம் அடியில் தேங்கினால், முக்கியமாக உப்பீரமானால், மறைவிலேயே குழிவிழும்.

என் கை இப்போது போவது கண்ணாடித்துணியும் எபாக்சியும் சேர்த்து அழுத்திய தகட்டுக்கே, ஜி-10 என்பார்கள். அது உளுக்காது, துருப்பிடிக்காது. நீங்கள் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியிலேயே இதன் உறவினர் இருக்கக்கூடும். உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகை பச்சை நிறமாக, விளிம்பில் கண்ணாடியிழை தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த இனம். பழைய மலிவுப் பெட்டிகளின் பழுப்புப் பலகை காகிதத்தில் செய்தது. மோட்டார் சுற்றும் கடைகளில் ஹைலம் ஷீட் என்று கிடைப்பதும் அந்த வகைதான். பார்க்கக் கெட்டியாக இருக்கிறதே என்று ஹைலத்தைப் படகில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காகித ஹைலம் ஈரம் குடித்து உப்பிப்போகும், வேண்டாம். ஜி-10 தகட்டை அறுக்கும்போது முகமூடி கட்டாயம் வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு நான் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் கனத்தில் எடுத்து, மூலைகளை வட்டமாக்கி, ஓரங்களைச் சரித்துவிடுவேன். கூரான ஓரம் தளத்தையே கீறும்.

எந்தத் தகடானாலும் அது உட்காரும் இடம் சமமாக இருக்கவேண்டும். கண்ணாடியிழைப் படகின் உள்முகம் அச்சில் படாத பக்கம். சொறசொறப்பும் மேடுபள்ளமுமாக இருக்கும். அதன்மேல் தட்டையான தகட்டை வைத்து முடுக்கினால் மூன்று மேடுகளில் மட்டும் தொட்டு நிற்கும். நூறு சதுர சென்டிமீட்டர் என்று போட்ட கணக்கு அங்கே காணாமல் போகும். எபாக்சியில் அதைக் கெட்டியாக்கும் தூள் கலந்து சப்பாத்தி மாவுக்குக் கொஞ்சம் இளகலாகப் பிசைந்து, தகட்டின் முழுப் பரப்பிலும் தடவி, போல்ட்டை மிதமாக மட்டும் முடுக்கி, எபாக்சி இறுகியபின் முழுவதும் முடுக்க வேண்டும். ஊஞ்சல் தகட்டின் கீழே கொத்தனார் சாந்து வைத்ததும் இதற்காகத்தான்.

நிலைய நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார். தளத்தின் நடுவில் நுரையோ மென்மரமோ வைத்து வார்த்த படகுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: அவற்றில் தாங்குதகடு மட்டும் போதாது, போல்ட் போகும் இடத்தில் அந்த நடுப்பொருளைச் சுரண்டி எடுத்து எபாக்சியால் நிரப்பாவிட்டால், முடுக்க முடுக்கத் தளம் அமுங்கிக்கொண்டே போகும். இன்னொன்று, எவர்சில்வர் நட்டை இயந்திரத்தால் வேகமாக முடுக்கினால் மரை கடித்துப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கிரீஸ் தடவிக் கையால் முடுக்குங்கள். வணக்கம்.