ஒரு லிட்டர் டீசலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். தானே ஓடும் சரக்கு லாரிகளை வரிசை கட்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் போகிற லாரி காற்றைப் பிளந்துகொண்டு போகும்; பத்துப் பதினைந்து மீட்டரில் ஒட்டி வருகிற லாரிக்கு எதிர்காற்று குறையும், டீசல் மிச்சமாகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போய்விடுவோம். எந்த டிரைவரும் அவ்வளவு நெருக்கமாக ஓட்ட முடியாது. முன்லாரி பிரேக் பிடித்த சேதி வயர்லெஸ்ஸில் பின்லாரிக்குப் போய், அதுவும் அக்கணமே பிரேக் பிடிக்கும். ஜப்பானில் 2021-இல் மூன்று லாரிகளை சுமார் 9 மீட்டர் இடைவெளியில், பின் இரண்டிலும் டிரைவர் சீட்டில் ஆளில்லாமல் ஓட்டிக் காட்டினார்கள்.

வண்டி தயார் என்றே வைத்துக்கொள்வோம். யாரோடு யாரை, எங்கே சேர்ப்பது? அதற்கு எவ்வளவு நேரம் நிற்பது?

லோடு ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால், 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர். ஜெர்மனியில் மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க் போகும் நெடுஞ்சாலையில் நிஜச் சரக்கோடு ஓட்டிப் பார்த்தபோது மிச்சமானது 3 முதல் 4 சதவீதம். நம் கணக்கில் ஒரு லிட்டர். அதற்காகப் பெருந்துறையில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்த எந்த முதலாளி சம்மதிப்பார்? சரி, விரட்டிப் போய்ச் சேர்ந்துகொள்ளலாமே என்றால், 70-இல் போகிறவர் 80-க்கு மிதித்தாலே காற்றின் எதிர்ப்பு 30 சதவீதம் ஏறிவிடும். முன்னால் போகிறவர் கொஞ்சம் நிதானிப்பதுதான் லாபம். அவருக்கும் டீசல் குறையும். லாரி தயாரிக்கும் டெய்ம்லர் நிறுவனம் 2019-இல் இந்த முயற்சியைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்: வரிசை அறுந்து, மறுபடி சேர வேகமெடுக்கும்போது மிச்சம் கரைந்துவிடுகிறது. பின்வண்டிக்கு டிரைவரே வேண்டாம் என்றாகும் நாளில் கணக்கு மாறும். அப்போது சம்பளமும் பேட்டாவும் சேர்ந்து மிச்சமாவதால், கொஞ்ச நேரம் நின்றாலும் கட்டுப்படியாகும்.

நம் சாலையில் வரிசை அறுவதற்குக் காரணம் தேடவே வேண்டாம். 15 மீட்டர் இடம் கிடைத்தால் நம்மூர் பஸ் சும்மா விடுமா? விஜயமங்கலம் டோல்கேட்டில் ஆளுக்கொரு லேனில் பிரிந்து மறுபடி சேர வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் இந்தப் பேச்சே கூடாது, கலைந்துதான் இறங்க வேண்டும். அப்புறம், யார் முன்னால் என்பதும் முக்கியம். பாரம் அதிகமாகி, நிற்க அதிக தூரம் எடுக்கிற வண்டி முன்னால். சட்டென்று நிற்கிற வண்டி பின்னால். மாற்றி விட்டால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும்.

அதனால் வழியில் போகிற வண்டிகளைத் தேடிச் சேர்ப்பதைவிட, ஒரே ஊரில் கிளம்பி ஒரே இடத்துக்குப் போகிறவற்றைப் பிடிப்பதே நல்லது என்பேன். திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் பனியன் கன்டெய்னர்களைப் பாருங்கள். ஒரே கப்பல் என்றால் துறைமுகத்தில் சரக்கைச் சேர்க்க வேண்டிய கடைசி நேரமும் ஒன்றுதான். லோடு ஏற்றும் நேரத்தைக் கம்பெனிகள் ஒத்துப் பேசி வைத்தால் காத்திருப்பே இருக்காது.

பங்கு பிரிப்பதுதான் பாக்கி. பின்னால் வருகிறவருக்கு மிச்சம் அதிகம், முன்னால் போகிறவருக்குக் குறைவு. வண்டிகள் ஒரே முதலாளியுடையவை என்றால் தொல்லை இல்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே? லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸே இதையும் பார்க்கலாம்: பின்வண்டியிடம் வாங்கி முன்வண்டிக்குக் கொடுக்க வேண்டியதுதான். நடுவில் கமிஷன் எடுக்காமல் விடமாட்டார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.