அழுத பிள்ளை பால் குடிக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வார இறுதியை எமக்காக ஒதுக்கிய நகரசபை உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, மண்டபத்தைத் தந்துதவிய ஆலய அறங்காவலர்களே, இன்னமும் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகக் குடிவந்தோருக்கு ரொறன்ரோ பொது நூலகம் எவ்வாறு துணைநிற்கிறது என்பதை மொழி, கடதாசி வேலை, உத்தியோகம் என மூன்றாகப் பிரித்துப் பேச எண்ணியுள்ளேன். ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பார்கள். நூலகத்துக்கு அது முற்றிலும் பொருந்தும்.

நகரெங்கும் 100 கிளைகள் இருக்கின்றன. இங்கு வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர் எவருக்கும் அட்டை இலவசம். ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டங்கள் நடக்கின்றன. 20 கேள்விகளுக்கு 15 சரியாக எழுத வேண்டிய குடியுரிமைத் தேர்வுக்கும் அங்கே ஆயத்தமாகலாம். கனடிய மத்திய அரசின் நிதியில் இயங்கும் குடியமர்வு ஆலோசகர்கள் பல கிளைகளில் மேசை போட்டு அமர்ந்து, படிவங்களை விளக்குகிறார்கள்.

எனக்கு மாமா முறையான ஒருவர், ஊரிலிருந்து வந்த புதிதில், பேரனின் அட்டையில் ஸ்காபரோக் கிளையொன்றிலிருந்து தமிழ் நாவல் ஒன்றை எடுத்தார். தவணை கடந்துவிட்டது. தண்டம் கட்டச் சொல்வார்கள், ஆங்கிலத்தில் ஏசுவார்கள் என்று பயந்து, பனி கொட்டும் ஓர் இரவில், நூலகம் பூட்டிய பின்னர், குல்லாவைக் கண்வரை இழுத்து மூடிக்கொண்டு, வெளியிலுள்ள திருப்பும் பெட்டிக்குள் புத்தகத்தைப் போட்டுவிட்டு வந்தார். மனச்சாட்சி விடவில்லை போலும். உள்ளே இரண்டு டொலர் குற்றியும், தமிழில் ஒரு மன்னிப்புக் கடிதமும் வைத்திருந்தார்! தாமதத் தண்டத்தை நூலகம் 2022இலேயே ஒழித்துவிட்டது அவருக்குத் தெரியாது. அட்டையிலிருந்த இலக்கத்துக்கு அழைப்பு வந்தது. பேரன் கூட்டிக்கொண்டு போக, கடிதத்தை வாசித்துச் சொன்ன தமிழ் ஆலோசகரே காசைத் திருப்பிக் கொடுத்து, “ஐயா, உங்கட வேற கடதாசி ஏதும் நிரப்பக் கிடக்கோ?” என்று கேட்டார். மாதக்கணக்காகத் தலையணைக்குக் கீழ் கிடந்த சுகாதார அட்டை விண்ணப்பம் அன்றைக்கே நிரம்பியது. இப்போது மாமா ஆங்கில வட்டத்தில் காலநிலையைப் பற்றி எவரையும் பேசவிடுவதில்லையாம்.

சபையோரே, அவரை வாசலுக்குள் இழுத்தது ஆலோசகரின் மேசையல்ல, தமிழ்ப் புத்தக அடுக்கு. தாய்மொழிப் புத்தகம் தேடி வருகிறவரே அடுத்த மேசையைக் காண்கிறார். ஆகவே தமிழ் நூல்களையே வாசித்தால் புதியவர்கள் ஆங்கிலம் பழகாமல் ஒதுங்கிவிடுவார்கள் என்று சிலர் சொல்லும் வாதத்தை நான் ஏற்பதில்லை. ஆனால் எவரும் இரவல் எடுக்காத நூல்களை எந்த நூலகமும் காலப்போக்கில் கழித்துவிடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், இங்குள்ள அடுக்கை அசட்டையால் இழக்கலாமா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாமோ அழுவதற்கே வெட்கப்படுகிறோம்.

உத்தியோகம் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தலைவர் மணிக்கூட்டைக் காட்டுவார். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். நூலகம் வாங்கவேண்டிய தமிழ் நூல் ஒன்றின் பெயரை ஒவ்வொருவரும் அதில் எழுதுங்கள். எமது இளைஞர்கள் அவற்றை நூலகத்தின் கொள்வனவுப் பரிந்துரைப் படிவத்தில் பதிந்து அனுப்புவார்கள். அட்டை இல்லாதவர்கள் வருகிற சனிக்கிழமை முகவரிச் சான்றோடு வாருங்கள், சேர்ந்தே போவோம்.