வேகம் போன பிறகும் வீசியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்பாலில் ‘குளோசர்’ என்று ஒருவர் உண்டு. அணி சொற்ப ஓட்டங்களில் முன்னிலை வகிக்கும்போது கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் பந்துவீச வருபவர். மூன்று பேரை வெளியேற்றி வெற்றியைக் காத்தால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ ஏறும். வேலை என்னவோ கால் மணி நேரம்தான். சறுக்கினால் எட்டு இன்னிங்ஸ் உழைப்பும் பாழ். அதனால்தான் குளோசருக்கு வயதாகிறது என்றதும் எல்லோருடைய கண்ணும் திரையின் மூலையில் தெரியும் வேக எண்ணுக்குப் போய்விடுகிறது.

அந்த எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. காரணம், டிரெவர் ஹாஃப்மன்.

சான் டியகோ பாட்ரேஸ் அணியின் ஹாஃப்மன் தொடக்கத்தில் மணிக்கு 95 மைல் வேகத்தை எட்டியவர். 1994-இல் வேலைநிறுத்தத்தால் ஆட்டங்கள் நின்றுபோயிருந்த நாட்களில், கடற்கரையில் விளையாடும்போது தோளைக் காயப்படுத்திக்கொண்டார். பழைய வேகம் திரும்பவே இல்லை. அவருடைய 601 சேவ்களில் அதற்கு முன் எடுத்தவை வெறும் 25. மற்றவை எல்லாம் வேகம் போன தோள் சம்பாதித்தவை!

எப்படி? ‘சேஞ்சப்’ என்ற மெதுவான பந்தால். பந்தை விரல் நுனியில் ஏந்தாமல் உள்ளங்கைக்குள் ஆழமாகப் பதித்துக்கொள்வார். கை மட்டும் வேகப்பந்துக்கு வருவதுபோலவே முழு வீச்சில் வரும். பந்தோ பத்து மைலுக்கும் மேல் குறைந்த வேகத்தில் வரும். மட்டையாளர் பந்தைப் பார்த்து முடிவெடுக்கக் கிடைப்பது அரை விநாடிக்கும் குறைவான நேரம். கையைப் பார்த்து மட்டையைச் சுழற்றிவிடுவார். பந்து பிறகுதான் வந்து சேரும். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

ஆக, ஹாஃப்மனைக் காப்பாற்றியது வேகமல்ல, இரண்டு பந்துகளின் வேகத்துக்கும் இடையிலிருந்த தூரம். 2009-இல் மில்வாக்கி அணிக்கு வந்தபோது அவருக்கு வயது 41. வேகப்பந்தே மணிக்கு 85 மைலைச் சுற்றித்தான் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த ஆண்டு 37 சேவ்கள். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்தது 1.83 ஓட்டங்கள்.

நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேராவுக்கு வழி வேறு. பனாமாவின் மீனவக் கிராமத்துப் பிள்ளை. ஏறக்குறைய ஒரே பந்தை வைத்தே காலம் தள்ளியவர். மட்டையை நெருங்கியபின் சட்டென விலகும் ‘கட்டர்’ அது. இடக்கை மட்டையாளருக்கு அது உள்நோக்கி வந்து மட்டையின் மெல்லிய கைப்பிடிப் பகுதியில் படும். 1999 உலகத் தொடரில், அதாவது அந்த ஆண்டின் இறுதிப்போட்டித் தொடரில், ரயன் கிளெஸ்கோ ஒரே முறை ஆடவந்து மூன்று மட்டைகளை உடைத்துக்கொண்டார். ரிவேராவின் வேகமும் வயதோடு குறைந்தது. ஆனால் பந்து விலகுவதும், குறிவைத்த மூலையில் போய் விழுவதும் குறையவில்லை. 2012-இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. மறு ஆண்டு, 43 வயதில் திரும்பி வந்து 44 சேவ்கள் எடுத்தார். அந்த ஆண்டும் ஆகஸ்டில் தொடர்ந்து மூன்று முறை முன்னிலையைக் கோட்டைவிட்டார். அவற்றில் இரண்டில் டெட்ராய்ட் அணியின் மிகெல் கப்ரெரா பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். வாழ்க்கையில் மொத்தம் 652 சேவ் எடுத்த கைக்கும் இப்படி ஒரு வாரம் வரும். அதைப் பார்த்து ‘கதை முடிந்தது’ என்று சொன்னவர்கள் அவசரப்பட்டார்கள்.

ஆனால் ஹாஃப்மனுக்குக் கதை உண்மையாகவே முடிந்தது, அதுவும் ஒரே குளிர்காலத்தில். 2010-இல் சராசரி 5.89-க்கு எகிறியது. மே மாதமே அந்த இடம் ஜான் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இளைஞருக்குப் போனது. வேகப்பந்துக்கு அஞ்சி முன்கூட்டியே மட்டையைச் சுழற்ற வேண்டிய தேவை இல்லையென்றால், மெதுவான பந்துக்காகக் காத்திருப்பதில் மட்டையாளருக்கு நட்டம் என்ன? சேஞ்சப்புக்கும் பின்னால் மிரட்ட ஒரு வேகம் இருந்தாக வேண்டியிருக்கிறது. எத்தனை மைல் வரை அது போதும் என்பதுதான் கேள்வி. முந்தைய ஆண்டின் 1.83-ஐப் பார்த்து யாராலும் அதைக் கணித்திருக்க முடியாது.

அதே 2010 செப்டம்பர் 7 அன்று மில்வாக்கி அணி அவரிடம் ஒன்பதாவது இன்னிங்ஸை மீண்டும் ஒப்படைத்தது. அன்று எடுத்தது 600-ஆவது சேவ். அதுவரை வேறு எவரும் தொடாத எண். அதற்குப்பின் இன்னும் ஒன்றே ஒன்று.


நன்றி, வணக்கம்.