பொடுகு முகத்துக்கு இறங்கினால்

வணக்கம் உறவுகளே. மூக்கின் இரு பக்க மடிப்புகளிலும் புருவங்களிலும் காதுக்குப் பின்னாலும் மஞ்சள் படிந்த பிசுபிசுப்பான செதில்கள் எழும்பி, அரித்து, மறைந்து, மீண்டும் வருகிறதா? வைத்தியர்கள் இதனைச் செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். எண்ணெய் அதிகமாகச் சுரக்கும் இடங்களில் வரும் எக்ஸிமா, அதாவது தோல் அழற்சி இது. தலைப்பொடுகு இதன் லேசான வடிவம். 1887ஆம் ஆண்டிலேயே உன்னா என்ற ஜெர்மன் தோல் நிபுணர் இதனை விவரித்து எழுதியிருக்கிறார்.

நம் எல்லோருடைய தோலிலும் மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சை வாழ்கிறது. தனக்குத் தேவையான கொழுப்பமிலங்களைத் தானே உருவாக்க முடியாததால், அது தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்து உண்கிறது. அப்போது மிஞ்சும் ஒலியிக் அமிலம் சிலருடைய தோலை மட்டும் உறுத்தி, செதிலாக உரியச் செய்கிறது. ஒரே லயன் வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இது தொற்றுநோய் அல்ல. இதற்காக யாருடைய துவாயையும் சீப்பையும் ஒதுக்கிவைப்பது அவர்களை நோகடிப்பதாக மட்டுமே முடியும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கங்களில் மார்கழி, தைக் குளிரில் இது கூடுவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். குளிர்ந்த, உலர்ந்த காற்று இதனைத் தூண்டும். அதோடு, தண்ணீர் ஐஸாக இருப்பதால் தலை முழுகுவதையும் நாம் தள்ளிப்போடுகிறோம். செதிலைப் பார்த்து வறட்சி என்று எண்ணி எண்ணெயை அப்பிக்கொண்டே இருந்தால், அந்தப் பூஞ்சைக்குச் சோறு போட்டதாகிவிடும்.

பூஞ்சையை அடக்கும் மருந்தான கீட்டோகொனசோல் இரண்டு வீதம் கலந்த ஷாம்புவை வாரத்துக்கு இரு முறை, இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை பயன்படுத்தலாம். நுரையை ஐந்து நிமிடம் தோலில் ஊறவிட்டே கழுவ வேண்டும். தேய்த்தவுடன் கழுவிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பது நியாயமில்லை. குணமான பிறகும் வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒரு முறை போட்டால் திரும்பி வருவது குறையும், ஏனெனில் இதனை அடக்கி வைக்கலாமே தவிர, வேரோடு அகற்ற முடியாது.

நம்முடைய நிறத்தில் இது சிவப்பாகத் தெரியாமல் வெளிறிய திட்டாகவே தெரிவதால், தேமல் என்றும் குஷ்டம் என்றும் பயந்து, லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்களை வாங்குகிறார்கள். அவற்றில் கடுமையான ஸ்டீரோய்ட் கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் பூசினால் முகத்தோல் மெலிந்துவிடும். தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள். ஆனால் வெளிறிய திட்டில் தொடு உணர்வு குறைந்திருந்தால் அது வேறு விடயம், தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

பச்சைக்குழந்தையின் உச்சந்தலையில் படியும் செதில் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும், நகத்தால் பிய்க்காதீர்கள். பெரியவர்களுக்குத் திடீரெனக் கடுமையாக உடலெங்கும் பரவினால், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறதா என்று இரத்தம் பரிசோதிக்க வேண்டிவரும். அப்படியானால் அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.