7-ஆம் மாதத்தில் பொரித்தது, கிரீம், வெண்ணெய்: நிறுத்த வேண்டுமா?

அடுத்த கேள்வி. "எனக்கு 7-ஆம் மாசம் நடக்குது. பொரிச்சது, கிரீம் கேக், வெண்ணெய்னு வாய் கேட்டுக்கிட்டே இருக்கு. சாப்பிட்டா ராத்திரி நெஞ்சு எரியுது. வீட்ல எண்ணெயே வேண்டாம்ங்கறாங்க. மொத்தமா நிறுத்திடணுமா?"

மொத்தமா நிறுத்த வேண்டாங்க. குழந்தையோட மூளையும் கண்ணும் வளரக் கொழுப்பு வேணும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்புல சேரவும் அது வேணும். எவ்வளவு, எந்த நேரத்துலங்கறதைத்தான் மாத்தணும்.

நெஞ்சு ஏன் எரியுது? கர்ப்பத்துல புரோஜெஸ்டிரான் ஹார்மோன் ஏறும். கர்ப்பப்பை சுருங்காம இருக்க அது தசையைத் தளர்த்தி வைக்குது. அதோட சேர்ந்து, உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற இடத்துல இருக்கிற வால்வும் தளர்ந்துடும். கர்ப்பப்பை வேற கீழேயிருந்து தள்ளுது. கொழுப்பு அதிகமான சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க ரொம்ப நேரமாகும். 9 மணிக்குப் பொரிச்சதைச் சாப்பிட்டு 10 மணிக்குப் படுத்தீங்கன்னா, மூடி லூசான பாத்திரத்தை நிறைச்சு வச்சுச் சாய்ச்ச மாதிரிதான். இரைப்பையில இருக்கிற அமிலம் மேல வழியத்தான் செய்யும், நெஞ்சும் எரியும்.

அதனால ஆசைப்பட்டதை மதியத்துக்கு மாத்துங்க. ராத்திரி லேசா, படுக்கறதுக்கு 3 மணி நேரம் முன்னாடியே முடிச்சுடுங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. தலையணையை அடுக்காதீங்க, கழுத்து மடங்கி வயிறுதான் இன்னும் அமுங்கும். கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழே ஆடாத கட்டையா 15 செ.மீ. உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்க. டாக்டர் ஆன்டாசிட், அதாவது நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைத் தணிக்கிற மருந்து, கொடுத்திருந்தா இரும்புச்சத்து மாத்திரையோட சேர்த்துப் போடாதீங்க, 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. இல்லைன்னா இரும்பு சரியா ஏறாது. சமையல் சோடாவைக் கரைச்சுக் குடிக்கிற வேலையே வேண்டாம்.

இப்போ அளவு. 2200 கலோரி சாப்பிடறவங்களுக்கு அதுல 20லேருந்து 35 சதவீதம் கொழுப்புல வரலாம். 1 கிராமுக்கு 9 கலோரி, அப்போ ஏறக்குறைய 50லேருந்து 85 கிராம். நிறைய இருக்கேன்னு தோணும். ஆனா ஒரு டம்ளர் கொழுப்பெடுக்காத பால்ல 7 கிராம், ஒரு முட்டையில 5, ஒரு கைப்பிடி பாதாம்ல 15. எண்ணெய்ச் சட்டியே வைக்கலை, 27 ஆச்சு. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 4.5 கிராம். பாட்டிலைச் சாய்ச்சு ஊத்தினா டீஸ்பூன் கணக்கு நிக்காது. காலையிலேயே உங்க பங்குக்கு 5 டீஸ்பூன் அளந்து கிண்ணத்துல எடுத்து வச்சுடுங்க, அன்னிக்கு அவ்வளவுதான்.

ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்னு சொல்வாங்க. முதல் 3 மாசம் கூடுதல் கலோரியே தேவையில்லை. கடைசி 3 மாசத்துலகூட நாளைக்குச் சுமார் 450தான். 85 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸ் அந்தக் கணக்கை முடிச்சுடும், சத்துன்னு பெருசா ஒண்ணும் உள்ளே போயிருக்காது.

பொரிக்கறதா இருந்தா எண்ணெய் நல்லா காயட்டும். ஒரு சின்னத் துண்டைப் போட்டா உடனே சலசலன்னு மேல வரணும். அடியில கிடந்து மெதுவா குமிழ் விட்டா இன்னும் காயலைன்னு அர்த்தம், அப்போ போட்டா எண்ணெயைக் குடிக்கும். ஒரே ஈடுல நிறையப் போட்டாலும் சூடு இறங்கி இதே கதைதான். கறுத்துப் போய், நுரை கட்டின எண்ணெயைத் திரும்ப வைக்காதீங்க.

கொழுப்புலயும் தேடிச் சாப்பிட வேண்டியது மீன் கொழுப்பு. மத்தி மாதிரி சின்ன மீன் வாரம் 2 தடவை போதும். சுறா, வாள்மீன் வேண்டாம், பாதரசம் இருக்கும். ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும் தவிர்த்துடுங்க. அதுல வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கு, குழந்தையோட உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். காய்ச்சாத பால்ல செஞ்ச சீஸ்ல லிஸ்டீரியா கிருமி இருக்கலாம், அதுவும் கூடாது.

ஒரு விஷயத்தை மட்டும் 'எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கலை'ன்னு விட்டுடாதீங்க. வலது விலா எலும்புக்குக் கீழே வலி. அது பித்தப்பைக் கல்லா இருக்கலாம்; கர்ப்பத்துல பித்தப்பை மந்தமாத்தான் சுருங்கும். ஆனா 20 வாரத்துக்கு அப்புறம் அந்த வலியோட தலைவலி, கண் மங்கறது, முகம் வீங்கறது எதுவும் சேர்ந்தா ரத்த அழுத்தம் ஏறி ஈரலைத் தொட்டிருக்கலாம். விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷரையும் ரத்தத்தையும் பார்த்துடுங்க. உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும் விடாம அரிச்சாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை எடுப்பாங்க.