மாலை வானில் தெரிவது கோளா, விண்மீனா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "2025 ஜனவரியில், மாலை ஏழு மணிக்கு எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தபோது, மேற்கே ஒன்று மிகவும் பளிச்சென்று தெரிந்தது, தென்கிழக்கே தாழ்வாக இன்னொன்று சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னியது. மின்னினால் விண்மீன், மின்னாவிட்டால் கோள் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் மேற்கே இருந்ததும் மறையப்போகும் நேரத்தில் மின்னியதே?"

மேற்கே நீங்கள் பார்த்தது வெள்ளி. தென்கிழக்கே மின்னியது சிரியஸ் என்னும் விண்மீன், இரவு வானின் விண்மீன்களிலேயே ஒளி மிகுந்தது. பள்ளியில் படித்தது தவறில்லை, ஆனால் அது பாதி விதிதான். விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் நம் கண்ணுக்கு வெறும் புள்ளிகளாகவே தெரிகின்றன. அந்தப் புள்ளியிலிருந்து வரும் ஒளியைக் காற்று மண்டலம் அலைக்கழிக்கும்போது மொத்த ஒளியும் சேர்ந்தே கூடிக் குறைகிறது. கோளுக்கோ சிறு வட்டு போன்ற பரப்பு உண்டு. அதன் ஒரு பகுதி மங்கும் கணத்தில் இன்னொரு பகுதி ஒளிர்வதால் மொத்தத்தில் ஒளி நிலையாகத் தெரிகிறது. அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது மட்டும் ஒளி மிக அடர்ந்த காற்றைக் கடந்து வரவேண்டியிருப்பதால், கோளும்கூட மின்னும். சிரியஸ் காட்டும் வண்ண ஜாலத்துக்கும் அதே காற்றுதான் காரணம். அதே சிரியஸை இரவு பதினோரு மணிக்கு உச்சியை நெருங்கியிருக்கும்போது பாருங்கள், வெண்மையாகவே தெரியும்.

ஆகவே, மின்னுவதைவிட இருக்கும் இடத்தைக் கவனிப்பதையே நான் நம்புவேன். சூரியனும் சந்திரனும் வானில் எந்தப் பாதையில் செல்கின்றனவோ, கோள்களும் ஏறக்குறைய அதே பாதையில்தான் செல்கின்றன. அந்தப் பாதையை ஒட்டி ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை என்று பளிச்சென்ற விண்மீன்கள் சிலவே உள்ளன; அவற்றைவிடத் தெளிவாக ஒளி மிகுந்த ஒன்று அங்கே நிலைத்து நின்றால் அது கோள்தான். நீங்கள் சொன்ன அந்த ஜனவரியில் மேற்கே வெள்ளியும், அதன் அருகே மங்கலாகச் சனியும், உயரத்தில் ரோகிணியை ஒட்டி வியாழனும், கிழக்கே செவ்வாயும் அந்தப் பாதையிலேயே வரிசையாக நின்றன. சிரியஸ் அந்த வரிசைக்கு வெகு தெற்கே தனித்து நின்றது. அதற்கும் தெற்கே, பின்னிரவில் தாழ்வாகத் தெரிந்த அகத்திய விண்மீனையும் கோள் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

வெள்ளியைப் பொறுத்தவரை இன்னொரு எளிய சோதனை உண்டு. அது சூரியனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. எனவே இரவு பத்து மணிக்குத் தலைக்கு மேல் ஒளிர்வது எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் வெள்ளியாக இருக்க முடியாது, பெரும்பாலும் அது வியாழனாகவே இருக்கும். நிறத்தை மட்டும் வைத்துச் செவ்வாயை முடிவுசெய்வதும் சரிவராது, ஏனெனில் திருவாதிரையும் கேட்டையும் செந்நிறமே. செவ்வாய்க்குரிய அடையாளம் அதன் ஒளி மாறுவதுதான்: 2025 ஜனவரி நடுவில் ஏறக்குறைய சிரியஸுக்கு இணையாக ஒளிர்ந்த அது, அடுத்த சில மாதங்களில் சாதாரண விண்மீன் அளவுக்கு மங்கிவிட்டது.

சிரியஸைக் கண்டுபிடிக்க ஓரியன் என்னும் விண்மீன் கூட்டத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாலையில் கிழக்கே எழும்போது அந்த வரிசை சாய்வாக நிற்கும். அதைக் கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸும், மேல்நோக்கி நீட்டினால் ரோகிணியும் அருகில் வரும்.

ஜோதிடத்தை நம்புகிறீர்களோ இல்லையோ, வீட்டில் மாட்டியிருக்கும் நாள்காட்டியின் ராசிக் கட்டமும் கோள்களைக் கண்டுபிடிக்க உதவும். வியாழன் ஏறத்தாழ ஓராண்டும், சனி இரண்டரை ஆண்டுகளும் ஒரே ராசியில் இருப்பதால், அந்த ராசியின் விண்மீன்களைத் தெரிந்துகொண்டால் கோளும் அகப்பட்டுவிடும். விண்மீன்களையும் கோள்களையும் அடையாளம் காட்டும் செல்பேசிச் செயலியைப் பயன்படுத்துவோர் மாடியின் இரும்புக் கைப்பிடியை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். அருகில் இரும்பு இருந்தால் செல்பேசியின் திசைகாட்டி திசையை மாற்றிக் காட்டும்.