பதினாறு வயசுல தொழில் பண்றவங்களுக்கு ஒரு செட்டு வேணும்

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி உக்காந்திருக்கற தம்பி தங்கச்சிங்க, பின்னாடி நிக்கற அப்பா அம்மாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் பேசறேன்.

சின்னப் பசங்க பிசினஸ்னு சொன்னாலே நாம உடனே பெரியவங்களைத் தேடறோம், வழிகாட்டற மென்டார் யாரு, முதல் போடறது யாருன்னு. அதெல்லாம் வேணும்தான், ஆனா அதுக்கு முன்னாடி அதே வயசுல அதே தலைவலியப் பார்த்த நாலு பேரு பக்கத்துல வேணும்.

சின்னதா தொழில் பண்ற பசங்க சேர்ந்து பேசற எங்க ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வர்ற ஒரு பையன், பிளஸ் ஒன் படிக்கறான், மொட்டை மாடியில தொட்டி வெச்சு கப்பின்ற சின்ன அலங்கார மீன் வளர்த்து வாட்சப் ஸ்டேட்டஸ்ல விக்கறான். ஒரு தடவை பார்சல்ல போன மீனெல்லாம் செத்துப்போச்சு, வாங்கினவங்க காசைத் திருப்பிக் கேக்கறாங்க, முகமே செத்துப்போய் வந்து உக்காந்தான். நான் ஆறுதல் சொல்ல வாயத் திறக்கறதுக்குள்ள, லீவுல சென்னை கொளத்தூர்ல அலங்கார மீன் கடையில வேலைக்கு நின்ன இன்னொரு பையன் கேக்கறான், "டேய், பேக் பண்ண முந்தின நாள் தீனி போட்டியா?" போட்டேன்டா. "அதான்டா, கவருக்குள்ளயே கழிஞ்சு தண்ணி கெட்டுப்போகும், ஒரு நாள் பட்டினி போட்டுட்டு ஆக்சிஜன் அடிச்சுக் கட்டு." அதோட விடல, மெகந்தி போடற பொண்ணு அவன் கணக்கு நோட்டைப் புரட்டிட்டு, "தண்ணி மாத்தற நேரத்துக்குக் கூலியே போடலையே நீ"ன்னா. எந்த மென்டாருங்க இதைக் கேப்பாரு?

டெல்லி அரசுப் பள்ளிகள்ல 2021ல பிசினஸ் பிளாஸ்டர்ஸ்னு ஆரம்பிச்சு 11, 12ம் வகுப்புப் பிள்ளைங்களுக்குத் தலைக்கு 2000 ரூபா முதல் குடுத்தாங்க. எனக்குப் பிடிச்சது அந்தக் காசு இல்ல, பிள்ளைங்க டீமா சேர்ந்து செய்யணும்னு வெச்சாங்க பாருங்க, அதுதான்.

சட்டமும் இருக்கு. 1872 ஒப்பந்தச் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்க ஒப்பந்தம் போட முடியாது, போட்டாலும் செல்லாதுன்னு 1903லயே, வெள்ளைக்காரன் காலத்துல கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொல்லிடுச்சு, அதனால கடன்ல சரக்கு கேட்டா மொத்த வியாபாரி யோசிக்கத்தான் செய்வாரு. ஆனா 2025ல ரிசர்வ் வங்கி, 10 வயசு ஆன பிள்ளைங்க தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம், எவ்வளவு பணம் வரைக்கும்ன்ற லிமிட்டை பேங்க்கே முடிவு பண்ணிக்கலாம்னு சொல்லிடுச்சு. எந்த பிராஞ்ச்ல அலைய விடாம கணக்கு போட்டுத் தர்றாங்கன்றது, போய் வந்த இன்னொரு பிள்ளைக்குத்தான் தெரியும்.

கூட்டம் எட்டு பத்து பேருக்கு மேல வேணாம், பெருசானா பாதிப் பேரு வாயே திறக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு பரிசு, ரேங்க்னு எதுவும் வெக்காதீங்க, போட்டின்னு வந்துட்டா நஷ்டக் கணக்கை யாரும் வெளிய எடுக்க மாட்டாங்க. பெரியவங்க ஒருத்தர் கட்டாயம் இருக்கணும், ஆனா ஓரமா உக்காந்து கேட்டாப் போதும். பொண்ணுங்க சொந்த நம்பரை ஊருக்கெல்லாம் குடுக்காம, ஆர்டருக்குன்னு வீட்டுப் பெரியவங்க பாக்கற தனி நம்பர் வெச்சுக்கட்டும், அந்தப் பயத்துனாலதான நிறைய வீட்ல அனுப்பறதில்ல.

இந்த ஏரியாவுல எனக்கு இப்ப வேண்டியது ஒரு ரூம், ஞாயிறு காலையில ரெண்டு மணி நேரம். சாவி கையில வெச்சிருக்கற ஹெட்மாஸ்டர் யாராவது இருந்தா கூட்டம் முடிஞ்சதும் என்னை வந்து பாருங்க, பிள்ளைங்களா, நீங்க கணக்கு நோட்டோட வாங்க.